அந்தக் கை வளைவை யார் போட்டது?

திருப்பூர்,
14.9.2008, ஞாயிற்றுக்கிழமை.

உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பும் நல்ல பெயருமாக வாழ்ந்துவரும் பெருமதிப்புக்குரிய மச்சான் ராக்கையா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை ஒச்சம்மாளின் வீட்டுக்காரனும், ஒரு காலத்தில் தங்கள் கட்டிங் டேபிளில் தங்களுக்குக் கீழே துணி விரித்தவனுமாகிய காசிமாயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கே தாங்களும், அக்காவும், தோப்பும், தோப்புக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளும், போன தை மாதம் கன்று ஈன்ற மாடும் சௌக்கியம்தானே? மாடு ஈன்ற சேதி இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தாங்கள் திகைக்க வேண்டாம். நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றாலும், தங்கள் தங்கை போனில் தங்களிடம் பேசும்போதெல்லாம் அடுத்த அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வழக்கம்.

கடைசியாக நாம் நேருக்கு நேர் பேசியது 1987-ல். "அட்டைய எடுத்தது நீதானடா?" என்று தாங்கள் கேட்டீர்கள். "சத்தியமா இல்ல மச்சான்" என்று நான் சொன்னேன். அதோடு சரி. இருபத்தோரு வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து வந்து போய்விட்டது! பந்தியில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, "சாம்பாரை அந்தப் பக்கம் கொண்டுபோப்பா" என்று பரிமாறுகிற ஆள் மூலமாகத்தான் நம் உறவே ஓடிக்கொண்டிருக்கிறது. தாங்கள் அந்த அட்டையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆண் பனியனின் முன்பாகத்துக்கு, கை வளைவு வெட்டுகிற அட்டை. அது தொலைந்த அடுத்த வாரமே நான் வேறு கம்பெனிக்கு மாஸ்டராகப் போனேன். அதே மாதிரி ஒரு அட்டை என்னிடம் இருந்தது. தாங்கள் தொழிலே வேண்டாம் என்று உடுமலைக்குப் போய்விட்டீர்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நானும் பல கோணத்தில் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்களிடமிருந்து எனக்கு ஒரு கையெழுத்து வேண்டும். ஒன்றே ஒன்று. ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. "இந்தக் கை வளைவைச் சொந்தமாக வெட்டியவர் காசிமாயன்தான்" என்று ஒரு காகிதம், அதன் கீழே தங்கள் பெயர். அது வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஜெர்மனிக்குப் போய்விட்டால், ஒரு பெரிய கம்பெனி தன் எல்லா உடுப்புக்கும் என் அளவை எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு என் பெயரையே வைக்கப்போகிறது. போகாவிட்டால், இந்தத் திருப்பூரில் காசிமாயன் என்று ஒருத்தன் கத்தரி பிடித்தான் என்பதற்கு ஒரு துண்டுத் துணி கூட அத்தாட்சி இருக்காது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு பனியனாவது என் பெயரைச் சொல்லட்டுமே என்று ஆசைப்படுகிறேன், வேறொன்றுமில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள். எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிற அந்த ஜெர்மன்காரர்கள், இனிமேல் ஆர்டரைக் காகிதத்தில் அனுப்ப மாட்டார்களாம். எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தானாம். நாம் போடுகிற கையெழுத்தும் கம்ப்யூட்டருக்குள்ளேயேதானாம். அதற்காக ஆறு பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. அது நியாயமாகக் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மெர்ச்சண்டைசர் ஜெபக்குமார், தூத்துக்குடிக்காரன், ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர்களோடு எழுத்துப் போக்குவரத்தெல்லாம் அவன்தான், முதல் கேள்வியிலேயே 'கர்வ்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு நேராக என் கட்டிங் டேபிளுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. திருப்பூரில் கர்வ் என்றால் இரண்டுதான், ஒன்று கழுத்து, இன்னொன்று கை.

"மாஸ்டர், ஒங்களத்தான் கேக்கான். நீங்க எந்த கர்வ் போடுதியன்னு கேட்டிருக்கான்" என்றான்.

"சொந்த கர்வ்னு எழுது."

"எத்தன பிட்டுன்னு கேக்கான்."

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கை ரெண்டு, கழுத்துப் பட்டி ஒண்ணு. அஞ்சு பிட். பாக்கெட் வச்சா ஆறுன்னு போடு."

"ஒங்க ரகசியச் சாவி யார்ட்ட இருக்குன்னு கேக்கான் மாஸ்டர்."

"அது எதுக்குடா அவனுக்கு?"

"ஆடிட் மாதிரிதான். போன வருசம் வந்தவன் கக்கூஸ எண்ணிட்டுப் போனாம்லா?"

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. "வாட்ச்மேன்கிட்ட இருக்குன்னு எழுது. அவரு லீவு போட்டா எதுத்தாப்புல டீக்கடையில" என்றேன்.

"கடைசிக் கேள்வி. வேற ஒரு ஆளு மொதல்ல இருந்து போட்டாலும் இதே கர்வ் அப்படியே வருமா?"

"வரவே வராதுன்னு கொட்டை எழுத்துல எழுது. என் கை வேற, அடுத்தவன் கை வேற!"

கர்வைப் பற்றிய முழு விவரத்தையும் இணைக்கவும் என்று அடியில் போட்டிருந்தது. விவரம் என்ன விவரம், பொருளையே அனுப்பிவிடுவோம் என்று என் கை வளைவு அட்டையைப் படியெடுத்து, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, கூரியரில் போட்டோம். கூரியர்க்காரர் உள்ளே என்ன பொருள் என்று கேட்டதற்கு ஜெபக்குமார் பெருமையாக "கர்வ்" என்று எழுதிக்கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது மச்சான். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்த சங்கதி மரியாதையாக இல்லை. ஐந்து பிட் போதவே போதாதாம், ஆகக் குறைந்தது இருநூற்று ஐம்பத்தாறு பிட் வேண்டுமாம். நான் கேட்கிறேன், இருநூற்று ஐம்பத்தாறு பிட்டை ஒட்டுப்போட்டுத் தைத்தால் அது பனியனா, மெத்தை உறையா? சாவியை டீக்கடையில் கொடுத்து வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டுமாம். இதுவரை அவர்களுக்கு யாரும் கர்வைக் கூரியரில் அனுப்பியதில்லையாம். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசி வரியில் எழுதியிருந்தான் பாருங்கள், "தயவுசெய்து யாரும் சொந்தமாகக் கர்வ் போடக் கூடாது" என்று. யாரைப் பார்த்து? கட்டிங் மாஸ்டரைப் பார்த்து! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு மத்தியானம் தங்கள் தங்கை கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பை மூடியைக் கூடத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

நேராக முதலாளியிடம் போய் நின்றேன். அவர் அந்தப் பதிலை இரண்டு தரம் படித்தார். "ஏனுங்க மாஸ்டர், சாவி டீக்கடையில இருக்குதுன்னு ஜெர்மனி வரைக்கும் சொல்லிப் போட்டீங்களா? உள்ளூர்ல கூட இன்னும் யாருக்கும் தெரியாதுங்களே!" என்றார். அப்புறம் கம்ப்யூட்டர் செக்‌ஷனைக் கூப்பிட்டு இதை என்னவென்று பார்க்கச் சொன்னார்.

கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் ஷாஸியா என்று ஒரு பெண். பட்டன், ஜிப் வியாபாரம் பண்ணுகிற அமானுல்லா பாயின் மகள், எம்.சி.ஏ. படித்தது. நான் எழுதிய பதில்களைப் படித்துவிட்டு, விக்கல் வந்து தண்ணீர் குடிக்கிற வரைக்கும் சிரித்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. இப்போது தினம் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, அங்கே உங்கள் பக்கம் அத்தனை காற்றாலை சுற்றியும் இங்கே ஒரு பல்பு எரிவதில்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் அந்தப் பெண் என் டேபிளுக்கே வந்து, மார்க்கிங் சாக்கை வாங்கிக் கறுப்புத் துணியில் வரைய ஆரம்பித்தது.

"மாஸ்டருங்க, இது துணியில வெட்டற கர்வ் இல்லீங்க. கணக்குல வர்ற கர்வுங்க" என்று சொல்லி ஒன்றைப் போட்டது. பார்த்தால் கை இல்லாத பனியனைப் பக்கவாட்டில் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. "கழுத்து சின்னது கண்ணு, தலை உள்ள போகாது" என்றேன். "தலை போக வேண்டாமுங்க, கேளுங்க" என்றது. "இதுல ரெண்டு புள்ளி வைங்க. ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுங்க. கோடு மூணாவதா ஒரு எடத்துல வளைவை வெட்டுதுங்களா? இப்ப துணியை நடுவுல மடிச்சா அந்தப் புள்ளி எதுத்த பக்கம் எங்க போய் விழுதோ, அதுதானுங்க விடை. அந்த விடையை வெச்சு மறுபடியும் இதே மாதிரி. மறுபடியும். இப்படியே தாவிட்டே போலாமுங்க."

மடித்து வெட்டுவது நமக்குத் தெரியாததா மச்சான்? எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எத்தனை முறை தாவினோம் என்பதை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமாம். கடைசியாக எந்தப் புள்ளியில் வந்து நின்றோம் என்பதை ஊருக்கே காட்டலாமாம். அந்தப் புள்ளியைப் பார்த்து, இத்தனை தாவல் என்று எவனாலும் திருப்பி எண்ண முடியாதாம். அந்த எண்ணிக்கைதான் ரகசியச் சாவி. அது எவ்வளவு நீளமான எண் என்பதுதான் இருநூற்று ஐம்பத்தாறு பிட். நம் வாட்ச்மேனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"அப்ப எந்த கர்வ்ல தாவுனா என்ன கண்ணு? சொந்தமாப் போட்டா என்ன குத்தம்?" என்று கேட்டேன். "அங்கதானுங்க விஷயமே இருக்குது" என்றது. "சில கர்வ்ல குறுக்கு வழி இருக்குமுங்க. வெளிய பார்த்தாத் தெரியாது. போட்டவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கலாம். அதனாலதான் எங்கிருந்து வந்துதுன்னு கேக்கறாங்க. அமெரிக்காவுல ஒரு அரசாங்க ஆபீஸ் வெளியிட்ட கர்வ்களைத்தான் நெறையப் பேரு உபயோகிக்கறாங்க. அதுல தப்பு இருக்குதுன்னு யாரும் நிரூபிக்கலீங்க. ஆனா அதை ஆரம்பிச்ச எண்ணு நீளமா, கோணல்மாணலா இருக்குது. எங்கிருந்து எடுத்தாங்க, எதுக்கு அதை எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லலீங்க. ஜெர்மன்காரங்க பார்த்தாங்க, நாமளே போடலாம்னு, வட்டத்தோட சுத்தளவை குறுக்களவால வகுத்தா வருமே, பள்ளிக்கூடத்துல மூணு புள்ளி ஒண்ணு நாலுன்னு படிப்பமே, அந்த எண்ணுல இருந்து ஆரம்பிச்சாங்க. அது உலகத்துக்கே தெரிஞ்ச எண்ணு. யாரு வேணும்னாலும் மொதல்ல இருந்து போட்டுப் பார்க்கலாம், அதே கர்வ் வருமுங்க."

தங்களுக்குத் தெரியாதது இல்லை, புது அட்டை ஒன்று வெட்டினால் நாம் பதினேழு வெட்டிக் கிழித்துப் போட்டுவிட்டுப் பதினெட்டாவதைத்தான் முதலாளியிடம் காட்டுவோம். "எடுத்த எடுப்புல வந்துச்சுங்க" என்று வேறு சொல்லிக்கொள்வோம். அதனால் கேட்டேன். "கண்ணு, அந்த அமெரிக்காக்காரங்க எத்தனை கிழிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? தனக்கு வேண்டிய மாதிரி வர்ற வரைக்கும் எண்ணை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்திருந்தா?" ஷாஸியா சாக்கைக் கீழே வைத்துவிட்டது. "மாஸ்டருங்க, பெரிய பெரிய படிப்பாளிங்க பயப்படறதே இதுக்குத்தானுங்க!" என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் அடுத்ததையும் கேட்டேன். "சரி, இந்த வட்டத்து எண்ணு ஆசாமிங்க மட்டும்? வேற நாலு பிரபலமான எண்ணைப் போட்டுப் பார்த்து, ஒத்து வராம, கடைசியா இதுக்கு வந்திருந்தா?" அதற்கு அந்தப் பெண் கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனது. கரண்ட் வரவில்லை.

மறுநாள் காலையில் ஷாஸியா வந்தது. "யோசிச்சேனுங்க மாஸ்டர். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏன் இதுன்னு காரணம் எழுதி வெச்சாங்கன்னா, ஏமாத்தறதுக்கு எடம் கம்மியாகுமுங்க. இல்லாமயே போயிருமான்னு கேட்டா, நான் சொல்ல மாட்டேனுங்க" என்றது. அப்படியும் ஏதோ ஒன்றில் நின்றாக வேண்டுமே என்று ஜெர்மன்காரர்களின் கர்வையே எழுதி, சாவியைப் பதிந்து வைக்க ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒரு குட்டி அட்டை வாங்கி முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, கேள்வித்தாளை ஒழுங்காக அனுப்பிவிட்டது. அதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். நானும் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆனால் நான் கூரியரில் அனுப்பிய அட்டை அங்கேயே அல்லவா இருக்கிறது? அந்தக் கம்ப்யூட்டர்க்கார ஜெர்மன் அதை என்ன செய்வதென்று தெரியாமல், அவர்கள் கம்பெனியில் உடுப்பின் அளவு பார்க்கிற ஒரு அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். அந்த அம்மா சும்மா இருக்காமல் அதை வைத்து ஒரு பனியன் வெட்டித் தைத்துப் போட்டே பார்த்துவிட்டாள். அப்புறம் வந்த கடிதத்தை ஜெபக்குமார் எனக்குப் படித்துக் காட்டினான். கையைத் தலைக்கு மேலே தூக்கினாலும் பனியன் கூடவே ஏறி வருவதில்லையாம். கக்கத்தில் பிடிப்பதில்லையாம். இப்படி ஒரு கை வளைவைத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தேடுகிறாளாம். இனிமேல் அவர்கள் உடுப்பு எல்லாவற்றுக்கும் இதுதானாம். போட்டவர் பெயரையே இதற்கு வைக்கப்போகிறார்களாம். அவர் சொந்தமாகப் போட்டதுதான் என்று, போடும்போது கூட இருந்த ஒருவர் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர்க்காரனோடு ஒரே இடத்தில் சாப்பிடுவாள் போலிருக்கிறது, அவனுடைய வியாதி இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. கீழே ஒரு கேள்வி வைத்திருந்தாள். முன்பாகத்தில், கக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, குழிந்து போக வேண்டிய வளைவு ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் குழியாமல் நேராகப் போகிறது. இந்த அளவின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதை அப்படிப் போட்டது ஏன்?

மச்சான், இருபத்தோரு வருஷமாக அந்த அட்டையை வைத்து எத்தனை ஆயிரம் பனியன் வெட்டியிருப்பேன்! ஒரு நாளாவது அது ஏன் நேராகப் போகிறது என்று நான் என்னையே கேட்டதில்லை. அப்படித்தான் இருக்கிறது, அப்படித்தான் வெட்டினேன். இருந்தாலும் பதில் சொல்லாமல் விட முடியுமா? துவைத்தால் துணி சுருங்கும், அதற்காக விட்டது என்று முதலில் எழுதச் சொன்னேன். சுருக்கத்துக்குத்தான் சுற்றிலும் தனியாக அளவு விட்டிருக்கிறீர்களே என்று பதில் வந்தது. எங்கள் ஊர் ஆட்களின் உடம்பு வாகு அப்படி என்றேன். ஜெர்மன் உடம்பிலும் நன்றாகத்தான் உட்காருகிறது என்றாள். வாஸ்து என்று எழுது என்றேன், ஜெபக்குமார் "ஏசுவே, அத நான் எழுத மாட்டேன் மாஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். கடைசியில் அனுபவம் என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். "அனுபவம் நல்லதுதான், ஆனால் அது காரணம் ஆகாது" என்று எழுதியிருக்கிறாள் மகராசி.

ஷாஸியாவோ எதிரே நின்றுகொண்டு, "நீங்களே போட்டதுதானுங்களே மாஸ்டர்? உங்களுக்கே தெரியலீன்னா எப்படிங்க?" என்று பச்சைப் பிள்ளை மாதிரி கேட்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் மேலே எவ்வளவு தூசி, இதைத் துடைக்கக் கூடாதா என்று அந்தப் பெண்ணைச் சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். முதலாளி மட்டும், "மாஸ்டருங்க, அந்தச் சாட்சிக் கையெழுத்தை மொதல்ல வாங்கிப் போடுங்க. காரணத்தை அப்பறம் பார்த்துக்கலாம்" என்றார். அன்றைக்குக் கூட இருந்த ஆள் என்றால் தாங்கள் ஒருவர்தான்.

இந்த இடத்தில் தங்கள் மனசில் பழைய நினைப்பு வரலாம். அதனால் மறுபடியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் அட்டை வேறு, என் அட்டை வேறு. இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருப்பது தற்செயல். இரண்டும் வனஸ்பதிப் பெட்டியில் வெட்டியது என்பதும், பின்பக்கம் 'வனஸ்' என்ற மூன்று எழுத்தோடு நிற்பதும் தற்செயல். அன்றைக்கு நாம் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டில் வனஸ்பதிப் பெட்டி இல்லாத வீடு எது? என் அட்டையின் மூலையில் '85 செ.மீ.' என்று தங்கள் கையெழுத்தில் எழுதியிருப்பது, தங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து என் எழுத்தும் அப்போது அப்படியே ஆகிவிட்டதால். ஒரு நல்ல மாஸ்டரிடம் தொழில் பழகினால் இப்படித்தான் எல்லாமே ஒட்டிக்கொள்ளும். இது தங்களுக்குப் பெருமைதான்.

தங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சாட்சிக் காகிதத்தை நானே எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். "1987-ஆம் வருடம், திருப்பூர் லைன் வீட்டில், காசிமாயன் என்பவர் யாருடைய உதவியும் இல்லாமல், தன் சொந்த மூளையால், மேற்படி கை வளைவு அட்டையை வெட்டியதை நான் என் இரண்டு கண்களாலும் பார்த்தேன்" என்று இருக்கிறது. அதன் கீழே தாங்கள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. தபால் தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, சும்மா பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அந்த விரல் அகலம் ஏன் நேராகப் போகிறது என்று தங்களுக்கு ஏதாவது தோன்றினால் ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பவும். எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்.

வேறு விசேஷமில்லை. அக்காவின் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன். தோப்புக்கு ஈரியோபைட் பூச்சி அண்டாமல், காய் கொழிக்க வேண்டும். மாடு கன்று சுகமாக இருக்க வேண்டும். எல்லாம் வல்ல நம் ஊர்ச் சாமி தங்கள் குடும்பத்தையும், கையெழுத்துப் போடுகிற தங்கள் வலது கையையும் குறைவில்லாமல் காக்கட்டும். தங்கள் பாதம் தொட்டு வணங்குகிறேன். நேரில் வந்தால் தொடவே செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
காசிமாயன், கட்டிங் மாஸ்டர்.

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம்.

உறையை ஒட்டச் சொல்லி தங்கள் தங்கையிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் படிப்பு, இத்தனை பக்கத்தையும் படிக்கப் பொறுமை இருக்காது என்று நினைத்தது என் புத்தி. வாசல்படியில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். வனஸ்பதி வந்த இடத்தில் மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, என் பட்டு வேட்டிக்கு அடியில் கையை விட்டு, நான் படியெடுத்துக்கொண்டு ஒளித்து வைத்திருந்த மூல அட்டையை எடுத்தாள். அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபத்தோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் மச்சான். அட்டையைத் தரையில் போட்டு, அந்த நேர்கோட்டில் தன் இடது கைக் கட்டை விரலை வைத்தாள். கனகச்சிதமாக உட்கார்ந்தது.

"இந்தாங்க, ஒங்க காரணம்" என்றாள். "எங்கண்ணே இத வெட்டையில அமுக்கிப் புடிச்சது நாந்தேன். வெரலு கோட்டுக்கு மேல நின்னுச்சு. 'எடுத்துக்க புள்ள'ன்னாரு. எடுத்தா அட்டை நழுவிரும்னு நான் எடுக்கல. வெரல வெட்டிறப்படாதுன்னு அந்த எடத்த மட்டும் நேராக் கத்தரிச்சுட்டுப் போனாரு. 'கெட்டுப்போச்சு, நாளைக்கு வேற வெட்டிக்கிறலாம்'னு ஓரமாப் போட்டாரு. நீங்க மேட்னி பாத்துட்டு வந்து, அந்தக் கெட்டுப்போனதத்தேன் தூக்கிட்டுப் போனீக. மறுநா ஒழுங்கா வளச்சு வெட்டுன அட்டையில பனியன் கக்கத்துல இழுத்துச்சு. அப்பத்தேன் எங்கண்ணே பழசத் தேடுனாரு."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

மச்சான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சத்தியமா இல்லை என்று அன்றைக்குச் சொன்னேனே, அந்தச் சத்தியத்தை எந்த முகத்தோடு சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே தாங்கவில்லை. கத்தரி பிடிப்பதில் தங்களுக்கு ஈடாக இந்த ஊரில் இன்னும் ஒரு ஆள் வரவில்லை. அப்படிப்பட்ட கையை நான் தேங்காய் உரிக்க அனுப்பிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "ஜெர்மனிக்கு ராக்கையான்னு உங்கண்ணன் பேரையே எழுதச் சொல்லிருறேன்" என்றேன். உடனே தங்கள் தங்கை, "அண்ணே பேரு எதுக்கு? அவரு கெட்டுப்போச்சுன்னு தள்ளிவிட்ட அட்டை அது. வெரலு என்னுது. ஒச்சம்மான்னு எழுதச் சொல்லுங்க" என்கிறாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. "அட்டை உங்கண்ணனுது, வெரலு ஒன்னுது. அப்ப எனக்குன்னு இதுல என்னதான்டி இருக்கு?" என்று கேட்டேன். "திருடுனது நீங்கதேன். அதுல யாரும் பங்குக்கு வரமாட்டோம்" என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் நேரிலேயே புறப்பட்டு வர வேண்டும். பெயர் யாருடையது என்று அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் சாம்பார் பரிமாறுகிறேன். காரணம் கேட்ட ஜெர்மன் அம்மாவுக்குப் பதிலை நாளைக்குக் காலையில் ஜெபக்குமாரிடம் சொல்லி எழுதிவிடுகிறேன். மூல அட்டையை இந்தக் கடிதத்தோடு தனிக் கட்டாகத் தங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். சாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அதைத் திருப்பிப் பாருங்கள். "அட்டை ராக்கையா மச்சானுடையது. எடுத்தது நான்தான்" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். சாட்சி, ஒச்சம்மாள். பெயர் எழுதத் தெரிந்தவள்தான். இருந்தாலும் வீம்புக்கு இடது கைக் கட்டை விரலை மையில் தோய்த்து ரேகை வைத்திருக்கிறாள், அட்டையில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளவும்.